சிப்ரோவ்ட்சி கம்பளம்: கரகாச்கா உருவம் நெய்த சிறு விரிப்பு ஒன்றின் மதிப்புரை

பல்கேரிய நாட்டார் மரபைப் பொருள் வடிவில் வீட்டுக்குக் கொண்டுவர விரும்புகிறவர் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், சிப்ரோவ்ட்சி ஊரில் கையால் நெய்யப்படும் கம்பளிக் கம்பளத்தை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். தலைநகர் சோபியாவின் கடைத்தெருக்களில் மார்ச் முதல் நாளுக்குரிய சிவப்பு வெள்ளை நூலான மார்தெனித்சாவும், மணிகள் கட்டி ஆடும் குக்கேரி ஆட்டக்காரர்களின் முகமூடிகளைச் சிறிதாகச் செய்த பொம்மைகளும், மரச்சிமிழில் அடைத்த ரோஜா எண்ணெயும் மலிவாகவே கிடைக்கின்றன. அவை அழகானவைதாம். ஆயினும் ஒரு மக்கள் தங்கள் அச்சங்களையும் வேண்டுதல்களையும் எந்த வேலையோடு பிணைத்து வாழ்ந்தார்களோ, அந்த வேலையே ஒரு பொருளாகக் கைக்கு வருவது கம்பளத்தில்தான். நான் வாங்கியது சுவரில் மாட்டும் அளவுள்ள சிறு விரிப்பு. சிப்ரோவ்ட்சியில் வீட்டிலேயே தறி வைத்து நெய்யும் முதிய பெண்மணி ஒருவரிடம் நேரில் வாங்கினேன்; அவருடைய பேத்தி எங்களுக்கிடையே மொழிபெயர்த்தார்.

சிப்ரோவ்ட்சி பல்கேரியாவின் வடமேற்கு மூலையில், செர்பிய எல்லையை ஒட்டிய மேற்கு ஸ்தாரா பிளானினா மலைகளின் அடிவாரத்தில், ஒகோஸ்தா ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள மிகச் சிறிய நகரம். பதினேழாம் நூற்றாண்டில் அது சுரங்கத் தொழிலுக்கும் பொற்கொல்லர்களுக்கும் பெயர் பெற்ற கத்தோலிக்க ஊராக இருந்தது. 1688இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக அங்கே எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது ஊர் அழிந்தது. உயிர் பிழைத்தவர்கள் டான்யூப் ஆற்றைக் கடந்து ஓடினார்கள், அவர்களின் வழிவந்தோர் இன்றும் ருமேனியாவிலும் செர்பியாவிலும் பரவிக் கிடக்கும் பானாத் பகுதியில் வாழ்கிறார்கள். பிற்பாடு மலைக்கிராமத்தார் வந்து மீண்டும் குடியேறிய ஊரில், வெள்ளிக்கும் பொன்னுக்கும் பதிலாக ஆடும் கம்பளியும் வாழ்வாதாரம் ஆயின. கம்பளத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வரலாற்றை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஏனென்றால் கடைகளில் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் இதை ஒரேயடியாகத் தாண்டி, நேராக அந்நிலத்தில் பழங்காலத்தில் வாழ்ந்த திரேசியர்களிடம் போய் நின்றுவிடுகின்றன.

முதலில் பொருளைப் பார்ப்போம். சிப்ரோவ்ட்சி கம்பளத்தில் முடிச்சு கிடையாது. நிமிர்ந்து நிற்கும் தறியில் பாவு நூலை மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டி, நிறம் நிறமான கம்பளி ஊடையை விரலாலேயே உள்ளே நுழைத்து, பல் வைத்த கனமான ஒரு தட்டுக்கருவியால் அடித்து அடித்து இறுக்குகிறார்கள். ஊடை அவ்வளவு நெருக்கமாக அமர்வதால் பாவு வெளியே தெரிவதே இல்லை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலவே இருப்பது இதன் முதல் அடையாளம்; புரட்டிப் போட்டால் எது முகம், எது முதுகு என்று சொல்ல முடியாது. என் விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சிவப்புத் தளமும் கறுப்பு முக்கோணமும் சந்திக்கும் இடங்களில் மயிரிழை போன்ற சிறு கீறல்கள் வழியாக ஒளி கசிகிறது. இரண்டு நிற நூல்களும் அந்த இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல் தத்தம் பக்கம் திரும்பிவிடுவதால் வருவது அது. கீறல் நீண்டால் துணி பலம் இழக்கும். அதனால்தான் கோடுகள் நேராக ஏறாமல் படிப்படியாகச் சாய்கின்றன, உருவங்கள் எல்லாம் முக்கோணமாகவும் சாய்சதுரமாகவும் அமைகின்றன. இந்தக் கம்பளங்களின் கோண வடிவத்துக்கு ஆன்மிகக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் தறியின் அருகே சற்று நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

என் விரிப்பின் நடுவில் வரிசையாக நிற்பது கரகாச்கா. இரண்டு முக்கோணங்கள் நுனியோடு நுனி சேர்ந்ததுபோல் இடை சிறுத்து, கை விரித்து, பாவாடை அகன்று நிற்கும் பெண்ணுருவம் என்று அதை வாசிக்கலாம். கருவிழி மணப்பெண் என்று ஊரில் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். இதைத் தவிரக் கோழிக்குஞ்சுகள், பூந்தொட்டிகள், திராட்சைக் கொடிகள் என்ற பெயர்களில் அமைந்த கம்பளங்கள் உண்டு. பாக்காம்ஸ்கி என்ற புகழ்பெற்ற வகை உண்டு. கரிபால்டா என்றுகூட ஒரு வகை உண்டு, இத்தாலிய விடுதலைத் தலைவர் கரிபால்டியின் பெயரை அது அப்படியே நினைவூட்டுகிறது. மிகப் பழைய கம்பளங்கள் ஓரிரு நிறங்களில் கோடுகளும் வடிவியல் உருவங்களுமாக இருந்தன என்றும், செடிகொடிகளும் பறவைகளும் பின்னாளில் சேர்ந்தன என்றும் கைவினை வரலாற்றாளர்கள் கூறுகிறார்கள். ஆகவே ஒரே கம்பளத்துக்குள் பல காலங்களின் கைவண்ணம் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கக்கூடும்.

சோபியாவில் நான் நுழைந்த ஒரு நினைவுப்பொருள் கடையில் ஒவ்வொரு விரிப்போடும் வழவழப்பான அட்டை ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. இந்த உருவம் ஆதித் தாய்த்தெய்வம், இந்த வளைவு நித்தியம், இந்த எட்டுமுனை நட்சத்திரம் வீட்டுக்குச் செல்வம் கொண்டுவரும் மறைகுறி என்று அதில் பட்டியல் இருந்தது. எந்த ஊர்க் கம்பளம், யார் நெய்தது, என்ன சாயம் என்று கேட்டபோது கடையில் பதில் இல்லை. கரகாச்காவைத் தாய்த்தெய்வத்தின் எச்சமாகக் காணும் கருத்தை நான் மறுக்கவில்லை; பல ஆய்வாளர்கள் அப்படி வாசித்திருக்கிறார்கள், விரிந்த கையும் அகன்ற இடுப்பும் கொண்ட பெண்ணுருவம் வளமையைக் குறிப்பது உலகின் பல இடங்களில் காணப்படுவதுதான். ஆனால் அது வெளியிலிருந்து பார்ப்பவரின் ஊகம். அதை ஐயத்துக்கு இடமில்லாத அகராதிப் பொருளாக அச்சடித்து விலையோடு சேர்த்து விற்பது, வாங்குபவருக்கும் நெய்தவருக்கும் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். எனக்கு விரிப்பை விற்ற பெண்மணி அட்டை எதுவும் தரவில்லை. உருவத்தின் பெயரைச் சொன்னார், அதைத் தன் தாயிடம் எந்த வயதில் கற்றார் என்று சொன்னார், கரகாச்கா உள்ள கம்பளம் மணப்பெண்ணின் சீரில் இருந்தால் நல்லது என்று ஊரில் சொல்வார்கள் என்றார். அதற்கு மேல் அவர் போகவில்லை.

அட்டையில் இல்லாத, ஆனால் இந்தப் பொருளோடு உண்மையிலேயே பின்னிப்பிணைந்த நம்பிக்கைகள் ஏராளம். அவை உருவத்தில் இருப்பதைவிடக் கம்பளியிலும் நூலிலும் கத்தரிக்கோலிலும் அதிகம் குடியிருக்கின்றன. பல்கேரியக் கிராமங்களில் நவம்பர் நடுப்பகுதியில் ஓநாய்த் திருநாள்கள் என்று ஒரு வரிசை நாள்கள் வரும். ஊருக்கு ஊர் தொடக்கமும் எண்ணிக்கையும் மாறும். அந்த நாள்களில் பெண்கள் கம்பளியைத் தொடுவதில்லை. நூற்கவும் கூடாது, நெய்யவும் கூடாது, பின்னவும் கூடாது. அந்நாளில் வேலை செய்த கம்பளியால் ஆன உடையை அணிந்து ஆண் ஒருவன் மலைக்குப் போனால் ஓநாய் அவனைத் தேடி வரும் என்று அஞ்சினார்கள். கத்தரிக்கோலின் அலகுகளைச் சேர்த்து நூலால் கட்டி வைப்பார்கள். அலகு மூடியிருந்தால் ஓநாயின் வாயும் மூடியிருக்கும். வீட்டின் மூத்த பெண் ஒருத்தி துணியின் ஓரத்தைக் கண்ணால் பாராமல் முதுகுக்குப் பின்னே வைத்துத் தைக்க, என்ன தைக்கிறாய் என்று மற்றவர்கள் கேட்க, ஓநாயின் வாயைத் தைக்கிறேன் என்று அவள் விடை சொல்லும் சடங்கும் இருந்தது. அந்த வரிசையின் கடைசி நாள் பல ஊர்களில் நொண்டி ஓநாய்க்கு உரியது. கூட்டத்தில் பின்தங்கி வரும் அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கொடியது என்பார்கள். ஆடு மேய்த்துக் கம்பளி நெய்து வாழும் மலைநாட்டில் இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சிவப்புக் கம்பளியைத் தடவும்போது, அதே மலைகளில் அதே ஆட்டுமயிரைக் கையில் எடுக்க அஞ்சிய நாள்கள் இருந்தன என்று அறிந்திருப்பது, மறைகுறிப் பட்டியலைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வெள்ளிக்கிழமையின் கதையும் இதைப் போன்றதே. புனித பெத்கா என்ற பெண் புனிதரைப் பெண்களின் வேலைக்குக் காவலாகவும் வெள்ளிக்கிழமைக்கு உரியவளாகவும் கருதினார்கள். அவள் நாளில் நூற்பவளை அவள் தண்டிப்பாள் என்று கதைகள் உண்டு. அவளுடைய பெரிய திருநாள் அக்டோபர் 14. கொள்ளைநோய் வந்தபோது பெண்கள் கூடி ஒரே இரவுக்குள் நூற்று, நெய்து, சட்டை தைத்து முடித்து அதைக் கொண்டு ஊரைக் காத்ததாகச் சொல்லும் மரபும் பால்கன் நாடுகளில் பரவலாகப் பதிவாகியுள்ளது. கொத்தர்கள் பற்றிய நம்பிக்கை இன்னும் அச்சமூட்டுவது. பாலமோ பெரிய வீடோ இடியாமல் நிற்க வேண்டுமென்றால், வழியே போகிறவரின் நிழலை அவர் அறியாமல் நூலால் அளந்து, அந்த நூலைச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிடுவார்கள். நிழல் கொடுத்தவர் நாற்பது நாளுக்குள் இறந்து, தலாசம் என்ற காவல் ஆவியாக அந்தக் கட்டடத்திலேயே தங்கிவிடுவார். ஒரு நூல் மனிதரின் உயிருக்கு ஈடாக நிற்கும் என்று நம்பிய சமூகத்தில், மணிக்கட்டில் கட்டும் இரண்டு இழை நூலுக்கு எத்தனை மதிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மார்தெனித்சாவைக் கட்டிக்கொண்டவர்கள் முதல் நாரையையோ பூத்த மரத்தையோ காணும் வரை அதைக் கழற்றுவதில்லை. கண்டபின் மரக்கிளையில் கட்டிவிடுவார்கள். மார்ச் முதல் நாளோடு தொடர்புடைய இந்த வழக்கங்களை 2017இல் பல்கேரியா, ருமேனியா, மால்டோவா, வட மாசிடோனியா ஆகிய நான்கு நாடுகளின் பெயரில் யூனெஸ்கோ தன் தொட்டுணராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சிவப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பல்கேரிய மரபில் சிவப்பு கண்ணேறு கழிக்கும் நிறம். பழைய சட்டைகளில் எம்பிராய்டரி வேலை கழுத்து, மணிக்கட்டு, கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் செறிந்திருப்பதற்கு, துணி முடிந்து உடல் தொடங்கும் அந்த ஓரங்கள் வழியே தீங்கு நுழையும் என்ற எண்ணமே காரணம் என்று இனவரைவியலாளர்கள் விளக்குகிறார்கள். இதை மனத்தில் கொண்டு, என் விரிப்பின் நான்கு பக்கமும் சுற்றி ஓடும் கரை காவலுக்காக நெய்யப்பட்டதா என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். கரை இல்லாவிட்டால் நடுவே உள்ள உருவங்கள் எங்கே நிற்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த விடையை நான் மதிக்கிறேன். சட்டைக்குப் பொருந்தும் விளக்கம் கம்பளத்துக்கும் பொருந்தியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நெசவு நடக்கும் முறையிலேயே சடங்கு கலந்திருக்கிறது. பெரிய கம்பளம் ஒன்றைத் தொடங்கும் முன் அது நல்லபடியாக முடிய வேண்டும் என்று நெசவாளர்கள் வேண்டிக்கொள்கிறார்கள். தறியில் சேர்ந்து அமரும்போது பாட்டும் கதையும் நடக்கின்றன. குளிர்காலத்தில் வீட்டுக்குள் நிற்கும் தறி கோடையில் வெளியே வருகிறது. தாயிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ மகள் கற்றுக்கொள்கிறாள், அதுவும் பெரும்பாலும் ஒரே பெரிய கம்பளத்தில் அருகருகே அமர்ந்து வேலை செய்தபடியே. ஆடு வளர்ப்பதும் நூலுக்குச் சாயம் ஏற்றுவதும் பெரும்பாலும் ஆண்களின் பங்கு. இந்த மரபு 2014இல் யூனெஸ்கோவின் மானுடத் தொட்டுணராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியலில் இடம்பெறுவது இளையவர்களைத் தறிக்கு அழைத்துவந்துவிடாது என்பதை ஊரில் காணலாம். தறியில் இருப்பவர்களில் பலர் முதியவர்கள், பிள்ளைகளில் பலர் வேலை தேடிச் சோபியாவுக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள். நல்ல விலை கொடுத்து நேரில் வாங்குவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

விலை மலிவல்ல. சதுர மீட்டர் கணக்கில் சொல்கிறார்கள்; உருவத்தின் நுணுக்கம், சாயத்தின் வகை, கம்பளியின் தரம் ஆகியவற்றைப் பொறுத்து அது கூடும் அல்லது குறையும். பேரம் பேசும் எண்ணத்தோடு போவதைத் தவிர்ப்பது நல்லது. சிறு விரிப்புக்கே நாள்கணக்கில் ஒருவர் முதுகு வளைத்து உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தறியின் அருகே கொஞ்ச நேரம் நின்றாலே புரிந்துகொள்ளலாம். சுற்றுலாக் கடைகளில் இதே உருவங்களை இயந்திரத்தில் நெய்தும் அச்சடித்தும் விற்கிறார்கள். அவற்றைக் கண்டறிவது எளிது. பின்பக்கத்தில் நூல்கள் மிதந்து கிடந்தாலோ, நிறம் மங்கியிருந்தாலோ, ஓரங்கள் தைத்து மடிக்கப்பட்டிருந்தாலோ அது கைத்தறிக் கிலிம், அதாவது முடிச்சில்லாமல் தட்டையாக நெய்த கம்பளம், ஆகாது. உண்மையான விரிப்பில் இரண்டு முனைகளிலும் தொங்கும் குஞ்சம் பாவு நூலின் நீட்சியாகவே இருக்கும், பிறகு ஒட்டித் தைத்ததாக இருக்காது. வரிசையில் உள்ள உருவங்கள் ஒன்றுக்கொன்று இம்மி வேறுபடும். என்னுடையதில் ஓரத்தில் நிற்கும் கரகாச்காவின் ஒரு கை மற்றவற்றைவிட ஒரு படி குட்டையாக இருக்கிறது.

சாயத்தைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள். மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து சிவப்பும், வால்நட் தோட்டிலிருந்து பழுப்பும், வெங்காயச் சருகிலிருந்து மஞ்சளும் எடுப்பது பழைய முறை. செயற்கைச் சாயம் வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, எனவே பழைய கம்பளம் என்ற காரணத்தால் மட்டும் அது இயற்கைச் சாயம் என்று கொள்ள முடியாது. என் விரிப்பில் சிவப்பு இயற்கையானது, பச்சை வாங்கிய சாயம் என்று அந்தப் பெண்மணியே சொன்னார். இப்படி மறைக்காமல் சொல்பவரிடம் வாங்குங்கள். வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் மெல்ல ஒற்றிப் பார்க்க அனுமதி கேட்டால் நல்ல நெசவாளர் மறுக்கமாட்டார். எனக்கு அவர் அனுமதி தந்தார். துணியில் சிவப்பு ஏறவில்லை, பச்சை சிறிது ஏறியது. ஆகவே இதைத் தண்ணீரில் முக்கித் துவைப்பதற்கில்லை. வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள நம் கடலோர ஊர்களில் இதைத் தரையில் விரித்து வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கம்பளியை அரிக்கும் பூச்சிக்கு அந்தச் சூழல் மிகவும் பிடித்தமானது. நேர் வெயில் படாத சுவரில் மாட்டி, அவ்வப்போது இறக்கி இரண்டு பக்கமும் தட்டி, உலர்ந்த வேப்பிலை வைத்த துணிப்பையில் மழைக்காலத்தில் சுருட்டி வைப்பது போதும். மடிக்க வேண்டாம், மடிப்பில்தான் முதலில் இழை அறும். புதிதில் ஆட்டு மணம் கொஞ்சம் வரும், அது போகச் சில வாரம் ஆகும்.

சிப்ரோவ்ட்சிக்குப் போவது எளிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோபியாவிலிருந்து வடமேற்கே மலைக்கணவாய் வழியாக மொன்டானா நகருக்கு வந்து, அங்கிருந்து மேற்கே சிறிய சாலையில் செல்ல வேண்டும். வண்டி அமர்த்திக்கொண்டு போவதே உசிதம். ஊரிலுள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய கம்பளங்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் பார்த்துவிட்டு நெசவாளர் வீட்டுக்குப் போனால் கண் பழகியிருக்கும். ஊர்வரை போக இயலாதவர்கள் சோபியாவில் பழைய அரண்மனையில் இயங்கும் தேசிய இனவரைவியல் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

சொல்லி நெய்விப்பதானால் அவசரம் காட்டாதீர்கள். உங்கள் சுவரின் அளவையும், விரும்பும் நிறங்களையும், எந்த உருவம் வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அஞ்சலில் வரும் வரை காத்திருக்க ஆயத்தமாக இருங்கள். இரண்டு உருவங்களை ஒரே சிறு விரிப்பில் கலக்கச் சொல்லாமல் இருப்பது நல்லது. நான் கோழிக்குஞ்சுகளையும் கரகாச்காவையும் சேர்த்து நெய்ய முடியுமா என்று கேட்டபோது, அந்தப் பெண்மணி கரகாச்காவுக்கு இடம் வேண்டும் என்று மறுத்துவிட்டார். விரிப்பைச் சுவரில் மாட்டிப் பார்த்த பிறகு அவர் கணக்கு சரியென்று தெரிகிறது. குஞ்சுகளுக்காகத் தனியாக இன்னொன்று சொல்லியிருக்கிறேன்.